மெல்லப் பேசும் வீடு

என் தொண்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து முதல் அழுகை அழுதபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா, உள்ளே ஏதோ அலமாரி சாய்ந்துவிட்டது என்று பதறி எழுந்தாராம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார். அம்மாவுக்குத்தான் கவலை. "இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு எந்த வீட்ல போய்க் குப்பை கொட்டப் போறியோ" என்பாள். நான் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும். அது என் தப்பா? சுவர் மெல்லிசு.

நல்லவேளையாக, அதற்கேற்ற பிழைப்பும் அமைந்தது. குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். கூரை போட்ட பெரிய நீச்சல் குளம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் காலால் தண்ணீரை அடிக்கும்போது, காதில் தண்ணீர் புகுந்த ஒருவனுக்கு மறுகரையிலிருந்து "மூச்சை விடுடா" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். சாதுவான குரல் அங்கே வேலைக்கு ஆகாது. என் குரல் நாலு சுவரிலும் மோதி என்னிடமே திரும்பி வரும்போது, அடடா, எனக்கே என்னைப் பிடிக்கும்.

கல்யாணத்தைப் பேசி முடித்தது எங்கள் பெரியம்மா. பெரியம்மா பொய் சொல்ல மாட்டாள், உண்மையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத் தருவாள், அவ்வளவுதான். என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மாப்பிள்ளை தங்கமான பையன். கண் கண்ணாடிக் கடையில வேலை. ஆனா ஒண்ணு. அது ரொம்ப அமைதியான வீடு. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது. உன் வெண்கலத் தொண்டையைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை. அப்புறம் உன் இஷ்டம்."

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. முதல்முறை பார்த்தபோது என் கைப்பை திறந்து உள்ளிருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார், நீச்சல் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் கொடுத்தார். இப்படிப்பட்டவருக்காகத் தொண்டையை மூட்டை கட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று மெல்லப் பேசிப் பழகினேன். சிரிப்பதற்கும் ஒரு சின்னச் சிரிப்பு தயார் செய்தேன். பல் தெரியும், சத்தம் வராது.

புகுந்த வீடு ஒரு தகரப் பட்டறையின் மேல்மாடி. கீழே மாமனாரின் பட்டறை. பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய், மழைத்தண்ணீர் வழியத் தகரக் கால்வாய், தொட்டி மூடி, எல்லாம் அங்கே தட்டித் தட்டித்தான் உருவாகும். உள்ளே மாமாவும், அவரோடு ரொம்பக் காலமாக இருக்கிற வெல்டரும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். கட்டைவிரலை மடித்தால் ஒரு அர்த்தம், புருவத்தைத் தூக்கினால் ஒரு அர்த்தம். வாடிக்கையாளர்களிடம் பேசி ஆர்டர் எடுப்பதெல்லாம் வாசல் மேஜையில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் வேலை.

பட்டறைதான் இப்படி. மாடி ஏறினால் வேறு உலகம். பெரியம்மா சொன்னது அத்தனையும் நிஜம். அத்தை காற்றுக்கு வலிக்குமோ என்பது போலப் பேசுவார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டிருந்தது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வாயைத் திறந்து மூடுவாள், நாங்கள் அவள் முகத்தைப் பார்த்து நாட்டு நடப்பை ஊகித்துக்கொள்வோம். என் கணவருக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். என்ன நாகரிகமான குடும்பம் என்று முதல் வாரம் அசந்துபோனேன். இரண்டாம் வாரம் எனக்குத் தொண்டை அரித்தது.

ஒரு தடவை, மாமா வெளிவேலையாகப் போயிருந்த நேரம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கீழே வாசலில் யாரோ ஒரு பெண் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "தகரம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றது அந்தக் குரல். அப்படியொரு குரலைக் கேட்டதும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் எனக்குச் சந்தோஷம். அத்தை மேலே வந்ததும், "கீழ யாரோ சத்தம் போட்டாங்களே அத்தை, யாரது?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதுவா... யாரோ வந்துட்டுப் போனாங்கம்மா" என்று அதைவிட மெல்லச் சொல்லிவிட்டு அத்தை சமையலறைக்குள் போய்விட்டார்.

எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள், ஒரே ஒருவரைத் தவிர. மாமா என்னோடு பேசுவதே இல்லை.

"டீ தரட்டுமா மாமா?" என்று கேட்பேன். பதில் இருக்காது. "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலைக்குக் கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன் மாமா" என்றால், என் முகத்தைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு புன்னகை. அந்தப் புன்னகையும் வர வரச் சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலோர நாற்காலியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். நான் கல்லாக இருந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் அப்பாவோடு நாள் முழுக்க வாயாடி வளர்ந்தவள் நான். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும்.

"மாமாவுக்கு என் மேல எதாவது கோவமா?" என்று இவரிடம் கேட்டேன்.

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மென்று விழுங்கினார். "அவர் சுபாவமே அப்படித்தான். விடு" என்றார்.

அந்தச் சுபாவத்தை நான் நம்பவில்லை. சுபாவமென்றால் முதல் நாளிலிருந்தே அப்படி இருக்க வேண்டும். இது நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனது. நான்தான் ஏதோ தவறு செய்கிறேன் என்று இன்னும் பணிவானேன், இன்னும் மெல்லப் பேசினேன். குளத்தில் நாலு மணி நேரம் ராணியாக இருந்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து என்னையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன். ஒரு நாள் குளத்தில்கூட ஒரு பிள்ளையிடம் மெல்லப் பேசினேன். அவன் "டீச்சர், உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

இவருக்கும் நான் வாடிப்போவது தெரிந்தது. ஆனால் காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "உனக்கு இந்தப் பட்டறைச் சத்தம் ஒத்துக்கல. எனக்குத் தெரியுது. தனியா ஒரு வீடு பாத்திருக்கேன். பின்பக்கம் தோட்டம், ஈ காக்கா சத்தம்கூட இல்ல. இந்த வாரம் சாவி வாங்கிடலாம்" என்றார். எனக்கு அந்த வீட்டில் பிடித்திருந்ததே பட்டறைச் சத்தம் ஒன்றுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நீங்க நல்லா இருந்தா சரி" என்று அதையும் மெல்லத்தான் சொன்னார். மாமாவிடமும் சொன்னார்கள். அவர் அந்தப் பொதுப் புன்னகையைப் புன்னகைத்தார். நான் இந்த வீட்டை விட்டுப் போவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஆகட்டும், போகலாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

சாவி வாங்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, குளத்தில் வகுப்பு. கூரையோரம் ஓடுகிற காற்றுக் குழாய் ஈரத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதைச் சரிபார்க்க ஆள் வருவார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வந்தவர் ஏணி போட்டு ஏறியதையும் கவனிக்கவில்லை. எனக்கு அன்று தலைபோகிற காரியம் ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு வாத்துக்குட்டி உண்டு. நடையை வைத்து மற்ற பிள்ளைகள் வைத்த பெயர். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மாட்டாள். அன்று வைத்தே தீருவதென்று வந்திருந்தாள்.

"ஏ வாத்து! காலை அடி! தண்ணியைத் தடவிக் குடுக்கற, அது என்ன நீ வளக்கற பூனையா?"

குளம் முழுக்க என் குரல். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"முகத்தை உள்ள வை! உன் மூஞ்சியை யாரும் திருடிட்டுப் போக மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்! ஆங், அப்படித்தான்! அடி! அடி! அய்யோ, வந்துட்டா பாரு, வந்துட்டா பாரு என் தங்கம்!"

வாத்துக்குட்டி கரையைத் தொட்டாள். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் சொந்தச் சிரிப்பைச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு மேலிருந்து இன்னொரு சிரிப்பு பதிலாக வந்தது. கூரையே அதிர்கிற சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். ஏணியின் உச்சியில், ஒரு கையில் சுத்தியலோடு, என் மாமனார்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ன செய்வாள்? நான் தண்ணீருக்குள் முங்கிவிட்டேன். நீச்சல் டீச்சர், மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவள், எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் அடியிலேயே இருந்தேன். ஆனால் தண்ணீருக்குள்ளும் டங் டங் என்று சத்தம் வந்தது. மாமா சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மேலே வந்தேன்.

"நிறுத்தாதேம்மா!" என்று கத்தினார். அதுவரை நான் கேட்டே இராத குரல். என் குரலைத் தூக்கிச் சாப்பிடுகிற குரல். "நிறுத்தாதே! பேசு! எதையாவது பேசு!"

அவர் கன்னமெல்லாம் ஈரம். குளத்துக் காற்றின் ஈரம் என்று நினைத்தேன். அது இல்லை.

வகுப்பு முடிந்ததும் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தோம். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு நான் தலையைக் குனிந்து, பழக்க தோஷத்தில், "மன்னிச்சிடுங்க மாமா" என்று மெல்ல முனகினேன். அவர் முகம் உடனே பழையபடி அந்தப் பொதுப் புன்னகைக்குப் போனது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது கோபமில்லை. வெறுப்பில்லை. என்ன சொல்கிறார்கள் என்று தெரியாத மனிதன், எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்து வைக்கிற சிரிப்பு.

"மாமா! உங்களுக்குக் காது கேக்காதா?" என்று முழுக் குரலில் கேட்டேன்.

"கேக்கும்! கொஞ்சம் உரக்கப் பேசினா கேக்கும். தகரத்தைத் தட்டித் தட்டி மந்தமாயிடுச்சு. ஆனா கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க கல்யாணத்தோட எல்லாம் நின்னு போச்சும்மா. பட்டறையில இரும்புச் சத்தம் கேக்குது. தெருவுல லாரி கேக்குது. வீட்டுக்குள்ள மனுஷங்க குரல் ஒண்ணுகூட வரல. உங்க அத்தை வாய் அசையுது, சத்தம் இல்ல. டிவியில அந்தப் பொண்ணு வாய் அசையுது, சத்தம் இல்ல. சரி, மனுஷங்க பேச்சைக் கேக்கற காது முழுசா போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா, ஆமாம் போயிடுச்சுன்னு சொல்லிடுவாரே?"

"அத்தைகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அவ அழுவா. அவ அழறதுகூட எனக்குக் கேக்காதே" என்றார் மாமா.

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என் அழுகை அவருக்கு நன்றாகக் கேட்டது. அதற்கும் சந்தோஷப்பட்டார் என்றால் நம்புவீர்களா?

பிறகு அவரே மீதியைச் சொன்னார். பெரியம்மா இவர்கள் வீட்டில் என்னைப் பற்றி வேறு கதை சொல்லியிருக்கிறாள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பெண், யாராவது உரக்கப் பேசினாலே நடுங்கிவிடும், அப்படி வளர்ந்த பிள்ளை என்று. தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சண்டை போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சமாதானமாகிற குடும்பம் அது. அத்தை பயந்துபோய், கல்யாணத்தன்று யாரும் சத்தம் போடக்கூடாது, மாமாவின் காது விஷயமும் பெண் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். அந்த ஒரு நாள் கூத்து முடிந்துவிட்டது என்றுதான் மாமா நினைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, அத்தை அதைக் காலத்துக்கும் நீட்டித்துவிட்டது அவருக்குத் தெரியாது.

யாரும் அவரிடம் சொல்லவில்லையா என்றால், சொல்லித்தான் இருக்கிறார்கள். மெல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப நீங்க அமைதியான குடும்பம் இல்லையா?" என்றேன்.

"நாங்களா?" என்றார் மாமா. அவர் சிரித்த சிரிப்பில், உடை மாற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நாளைக்குச் சாவி வாங்கப் போகிற விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அதுதானா அன்னிக்கு எல்லாரும் என் முன்னால வந்து நின்னுக்கிட்டு வாயை அசைச்சது?" என்றார். "பட்டறையை வெல்டர்கிட்ட ஒப்படைச்சிடலாம்னு இருந்தேன். பேச்சுத் துணையும் இல்லாம, காதும் இல்லாம எதுக்குன்னு... போறதுன்னா போங்கம்மா. ஆனா இந்தக் குரலைக் கேக்காமலே போயிருந்தா?"

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் அத்தையிடம் புது வீட்டைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே பரிமாறினார். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் இவர்கள் பாசம் வைத்தது அந்த மெல்லப் பேசுகிற பெண்ணின் மேல். நான் வாயைத் திறந்தால் அவள் போய்விடுவாள். அவளுக்குப் பதிலாக வருகிறவளை இவர்களுக்குப் பிடிக்காமல் போனால்? இவர் முகம் சுளித்தால்? அந்தப் பயத்தில் தண்ணீரைக் குடித்தேன். பிறகு அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தேன்.

"அத்தை! நம்ம பேசறது எதுவும் மாமாவுக்குக் கேக்கல! கல்யாணத்துலேருந்தே கேக்கல! காது முழுசா போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுத் தனியா உக்காந்து மருகிக்கிட்டு இருந்திருக்காரு!"

அத்தை கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. இவர் வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்தார்.

"மெதுவாம்மா... மெதுவா..." என்று அத்தை என் கையைப் பிடித்தார். நான் ஏதோ ஜன்னி கண்டு கத்துகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நான் மெதுவானவ இல்ல அத்தை! பொறந்ததுலேருந்தே இல்ல! என் குரலே இதுதான்! இந்த வீடு அமைதியான வீடுன்னு பெரியம்மா சொன்னாங்க, அதனாலதான் அடக்கி வச்சிருந்தேன்!"

அத்தை என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டு, "நீதானேம்மா சத்தியம் வாங்கின, அப்பா காது விஷயத்தைச் சொல்லக்கூடாதுன்னு" என்றார். கடைசியாக அத்தை மாமாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்றார் மெல்ல.

மாமா அவர் வாயையே பார்த்தார்.

"கேக்கலையாங்க?" குரல் ஒரு படி ஏறியது.

மாமா காதை முன்னால் நீட்டினார். அதைப் பார்த்ததும் அத்தைக்குள் அத்தனை காலமாக அடைபட்டுக் கிடந்தது எல்லாம் மடை உடைந்து வந்துவிட்டது.

"ஏன்யா, உனக்கு அறிவு இருக்கா? காது போச்சுன்னு நினைச்சா கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டியா? நீ பாட்டுக்கு ஜன்னல்கிட்டப் போய் உக்காந்துக்குவ, சத்தம் போடாதேன்னு நான் சொன்ன கோவமோன்னு மனசுக்குள்ள புழுங்கிச் சாகணுமா?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்று வாசலில் கேட்ட அதே குரல்! இவர் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த தும்மல் ஒன்றும் அப்போதுதான் வெடித்தது. நான் அலறிவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "இப்படி ஒரு குரலா உனக்கு?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

அத்தை எங்களைக் கவனிக்கவே இல்லை. "தனியா வீடாம், தனியா வீடு! இத்தனை நாளா ஒரு கதவைக்கூட நிம்மதியா அடிச்சுச் சாத்தல நான்! நாளைக்கு எவனாவது சாவி கீவின்னு பேசினா தெரியும் சேதி!" என்று மகனை ஒரு வாங்கு வாங்கிவிட்டு, மறுபடி மாமாவிடம் வந்து நின்றார். திட்ட வாயெடுத்தவருக்கு அழுகை முந்திக்கொண்டது. வாய்விட்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதார்.

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பிடித்த பாட்டைக் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டார். அழுகை ஓய்ந்து அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டபோது கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டேன்."

அத்தை திட்டினார்.